சிறுநீரகக் கல் சிகிச்சை: கருவியின் பருமனும் நீரின் அழுத்தமும்

சிறுநீரகக் கல்லை எண்டோஸ்கோப் வழியாக உடைத்தெடுக்கும் அறுவை சிகிச்சை தொடக்கம் முதல் முடிவு வரை நீருக்குள்தான் நடக்கிறது. சிறுநீரகத்தில் சிறுநீர் வந்து சேரும் உள்ளறையும், அதிலிருந்து கிளைத்துச் செல்லும் கிண்ணம் போன்ற சிற்றறைகளும் இயல்பில் சுருங்கிக் கிடப்பவை. அவற்றின் மொத்தக் கொள்ளளவே சில மில்லிலிட்டர்தான். அவற்றை விரித்தால்தான் கல் கண்ணில் படும். விரிப்பதற்கு நீர் வேண்டும். கல் உடையும்போது எழும் தூளையும் கசியும் ரத்தத்தையும் கழுவி அகற்றவும், லேசர் உண்டாக்கும் சூட்டைத் தணிக்கவும் அதே நீர்தான் வேண்டும். இதற்காக 0.9 சதவீத உப்புக்கரைசலை, மருத்துவமனை வழக்கில் நார்மல் சலைனை, இடைவிடாமல் உள்ளே செலுத்துகிறார்கள். வெறும் நீர் இதற்கு உதவாது. அது ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் வெடிக்கும். ரத்தத்தின் உப்பளவும் ஆபத்தான அளவுக்குக் குறையும்.

உள்ளே போகும் நீர் போன வேகத்திலேயே வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் சிறுநீரகத்துக்குள் அழுத்தம் ஏறும். மருத்துவமனை விளம்பரங்களில் 'சிறிய துளை', 'மெல்லிய கருவி' என்ற சொற்களே முன்னால் நிற்கின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான். கருவியைச் சுற்றி நீர் வெளியேற எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதைச் சொல்லாமல் கருவியின் பருமனை மட்டும் சொல்வதில் நோயாளிக்குப் பெரிய பயன் இல்லை.

எண்டோஸ்கோப் சிகிச்சைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், வளையக்கூடிய மெல்லிய எண்டோஸ்கோப்பை இயற்கையான சிறுநீர்த் துவாரம் வழியாகச் செலுத்தி, சிறுநீர்ப்பையைக் கடந்து, சிறுநீர்க்குழாய் வழியே சிறுநீரகம் வரை ஏற்றுகிறார்கள். இதை ஆர்.ஐ.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உடலில் எங்கும் கீறல் இராது. மற்றொன்றில், முதுகு அல்லது விலாப்புறத் தோலில் துளையிட்டு நேராகச் சிறுநீரகத்துக்குள் நுழைகிறார்கள். இது பி.சி.என்.எல். பொதுவாக 2 சென்டிமீட்டரை விடப் பெரிய கற்களுக்கு இரண்டாவது வழியையும், அதைவிடச் சிறியவற்றுக்கு முதல் வழியையோ உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைக்கும் முறையையோ தேர்ந்தெடுக்கிறார்கள்.

சிறுநீரகத்தின் உள்ளறையில் இயல்பாக இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே மி.மீ. பாதரச அலகில் சொன்னால் ஏறத்தாழ 5 முதல் 10 வரை. அது 30 முதல் 35 வரை உயர்ந்தால் நீர் தவறான திசையில் பாயத் தொடங்குகிறது. சிற்றறையின் ஓரங்களில் உள்ள மெல்லிய சுவர் வழியாகவும், சிறுநீரை வடிக்கும் நுண்குழல்கள் வழியாகவும் அது பின்னோக்கி நுழைந்து சிரைகளிலும் நிணநீர்க் குழாய்களிலும் கலக்கிறது. அழுத்தம் இன்னும் வெகுவாக ஏறினால் சிற்றறையின் ஓரமே கிழிந்து, நீர் சிறுநீரகத்தைச் சுற்றிப் பரவக்கூடும்.

சலைன் மட்டும் ரத்தத்தில் கலந்தால் பெரும்பாலானோரின் உடல் அதைச் சமாளித்துவிடும். கூடவே போவதுதான் ஆபத்து. பல கற்களுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தொற்றால் உருவாகும் ஸ்ட்ரூவைட் வகைக் கற்களில் இது மிகுதி. அறுவைக்கு முன் செய்த சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி எதுவும் தென்படாதவருக்கும் கல்லுக்குள் கிருமி ஒளிந்திருக்கலாம். கல்லை உடைக்கும்போது அந்தக் கிருமிகளும் அவற்றின் நச்சுப் பொருட்களும் நீரில் கலக்கின்றன. உள்ளே அழுத்தம் மிகுந்திருந்தால் அந்த நீர் நேராக ரத்த ஓட்டத்தில் சேர்கிறது. சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வருகிறது. சிலருக்கு அது செப்சிஸ் எனும் உயிராபத்தான நிலையாக முற்றுகிறது. கல் அறுவை சிகிச்சைக்குப் பின் நேரும் மரணங்களுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த ரத்தத் தொற்று. சிகிச்சையின்போது ஏறும் அழுத்தத்தின் மீது மருத்துவ உலகம் இவ்வளவு கவனம் வைப்பதற்குக் காரணமும் அதுதான்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சலைன் பையின் உயரத்திலிருந்தே கணக்கிடலாம். நோயாளியின் சிறுநீரகத்துக்கு மேலே 100 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கும் பை ஏறத்தாழ 74 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தரும். 40 சென்டிமீட்டர் உயரத்தில் அது 29 ஆக இருக்கும். இந்த முழு அழுத்தமும் சிறுநீரகத்துக்குள் போய்ச் சேர்வதில்லை. கருவியின் குறுகிய வழியில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. எஞ்சியதை நீர் வெளியேறும் பாதை தணிக்கிறது. ஆனால் அந்தப் பாதை அடைபட்டால், உள்ளே இருக்கும் அழுத்தம் பையின் அழுத்தத்தை எட்டும் வரை ஏறிக்கொண்டே போகும். பையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டி 150 அல்லது 300 வரை அழுத்துவதும், காட்சி மங்கும்போது உதவியாளர் சிரிஞ்சால் நீரைப் பீய்ச்சுவதும் வழக்கத்தில் உள்ளவை. சிரிஞ்சால் பீய்ச்சும்போது சில வினாடிகளுக்குச் சிறுநீரகத்தின் உள் அழுத்தம் 100ஐயும் 200ஐயும் தாண்டியதை அளவீடுகள் பதிவு செய்துள்ளன. கையின் அழுத்தம் எவ்வளவு என்பது பீய்ச்சுபவருக்கே தெரியாது.

கருவிகளின் பருமனைச் சொல்ல உலகெங்கும் ஃபிரெஞ்ச் என்ற அலகு பயன்படுகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த ஜோசப் ஃபிரெடெரிக் பெனுவா ஷாரியேர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு இது. ஒரு ஃபிரெஞ்ச் என்பது விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கு. 9 ஃபிரெஞ்ச் கருவியின் விட்டம் 3 மில்லிமீட்டர். 30 ஃபிரெஞ்ச் குழாயின் விட்டம் 10 மில்லிமீட்டர். எண் ஏற ஏறப் பருமன் ஏறும். ஊசிகளுக்கான கேஜ் அளவில் இது தலைகீழ் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் 3 முதல் 4 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்டது. சிறுநீரகத்திலிருந்து அது தொடங்கும் இடம், இடுப்பெலும்புப் பகுதியில் பெரிய ரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்றிலும் அது இன்னும் குறுகுகிறது. கல் வெளியேறும் வழியில் பெரும்பாலும் சிக்குவதும் இந்த இடங்களில்தான். இவ்வளவு ஒடுங்கிய பாதையில் ஏற வேண்டிய வளையும் எண்டோஸ்கோப்பின் பருமன் இன்று பெரும்பாலும் 7.5 முதல் 9.5 ஃபிரெஞ்ச் வரை உள்ளது. அதற்குள்ளேயே கேமரா, விளக்கு, முனையை வளைக்கும் கம்பிகள், நீரும் லேசர் இழையும் போகும் ஒரே ஒரு துளை எல்லாம் அடங்க வேண்டும்.

அந்தத் துளையின் விட்டம் பெரும்பாலான கருவிகளில் 3.6 ஃபிரெஞ்ச், அதாவது 1.2 மில்லிமீட்டர். குழாயில் ஓடும் நீரைப் பற்றி ஹாகனும் புவாசேயும் 19ஆம் நூற்றாண்டில் தனித்தனியே கண்டறிந்த விதி இங்கே முழு வலுவோடு செயல்படுகிறது: நீரோட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். துளைக்குள் மெல்லிய லேசர் இழையை நுழைத்தாலே நீரோட்டம் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். கல்துண்டைப் பிடிக்கும் 1.9 ஃபிரெஞ்ச் கம்பிக்கூடையை நுழைத்தால் இன்னும் குறையும்.

ஓட்டம் குறைந்தால் காட்சி மங்கும். அதை ஈடுகட்ட மருத்துவர் பையை உயர்த்துவார் அல்லது பம்பின் விசையைக் கூட்டுவார். அதுவரை சரி. பிறகு லேசர் இழையை வெளியே எடுக்கிறார். கூட்டிய விசை அப்படியே இருக்கிறது. தடை நீங்கிய துளை வழியே நீர் பெருகிப் பாய்கிறது. உள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அறுவை அரங்கில் யாரும் தவறு செய்யவில்லை, கருவியும் பழுதாகவில்லை. ஆனாலும் ஆபத்தான கணம் அதுதான். இழையை எடுக்கும் முன்பே விசையைக் குறைக்கும் பழக்கம் எளியது, செலவில்லாதது, பல நோயாளிகளைக் காக்கக்கூடியது.

நீர் திரும்பி வருவதற்கு இயற்கையான வழி ஒன்றே ஒன்று: எண்டோஸ்கோப்புக்கும் சிறுநீர்க்குழாய்ச் சுவருக்கும் நடுவில் மிஞ்சும் சந்து. குழாய்ச் சுவர் கருவியை இறுகப் பற்றினால் அந்தச் சந்தும் இல்லாமல் போகும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் உறைக்குழாய். மருத்துவர்கள் அதை ஆக்சஸ் ஷீத் என்கிறார்கள். ஜப்பானில் 1970களில் உருவான யோசனை இது. சிறுநீர்த் துவாரத்திலிருந்து சிறுநீரகத்தின் வாயில் வரை முதலில் உறையை வைத்துவிட்டு, அதன் உள்ளே எண்டோஸ்கோப்பைச் செலுத்துகிறார்கள். கருவிக்கும் உறைக்கும் இடைப்பட்ட வெளி வழியாக நீர் தடையின்றி வெளியே வழிகிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் சிறுநீர்த்தாரை ஆண்களுக்கு நீளமானது என்பதால் அவர்களுக்கு 45 சென்டிமீட்டர் அளவிலும், பெண்களுக்கு 35 சென்டிமீட்டர் அளவிலும் உறைகள் பயன்படுகின்றன.

உறையின் பருமனை இரண்டு எண்களால் குறிப்பார்கள். 12/14 என்றால் உள்விட்டம் 12 ஃபிரெஞ்ச், வெளிவிட்டம் 14 ஃபிரெஞ்ச். இந்த 12 ஃபிரெஞ்ச் உள்வெளியில் 9.5 ஃபிரெஞ்ச் கருவியை வைத்தால் சுற்றிலும் மிஞ்சும் சந்து 0.42 மில்லிமீட்டர். 7.5 ஃபிரெஞ்ச் கருவியை வைத்தால் 0.75 மில்லிமீட்டர். பார்வைக்குச் சின்ன வேறுபாடு. ஆனால் இத்தகைய ஒடுங்கிய வளையச் சந்தில் நீரோட்டம் சந்தின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், இரண்டாவது அமைப்பில் அதே அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு நீர் வெளியேற முடியும். கருவியின் விட்டத்தை உறையின் உள்விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் 0.75க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் உள் அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு பரிந்துரைத்தது. மேலே சொன்ன முதல் இணையின் விகிதம் 0.79; இரண்டாவதன் விகிதம் 0.63. அதே 7.5 ஃபிரெஞ்ச் கருவியை 10 ஃபிரெஞ்ச் உள்விட்ட உறையில் வைத்தால் சரியாக 0.75. ஆக, மெல்லிய எண்டோஸ்கோப்பை வாங்கிவிட்டு, அதற்கேற்ப உறையையும் மெலிதாக்கிக்கொண்டே போனால் அழுத்தத்தில் கிடைக்க வேண்டிய நன்மை கைக்கு வராது.

அப்படியானால் எல்லோருக்கும் பெரிய உறையையே வைத்துவிடலாமே என்று தோன்றும். அதற்குச் சிறுநீர்க்குழாய் இடம் தராது. 14 ஃபிரெஞ்ச் வெளிவிட்டம் என்பது 4.7 மில்லிமீட்டர், இயல்பான குழாயை விட அகலம். ஆலிவியே திராக்சேரும் அவருடன் பணியாற்றியவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 12/14 உறை வைத்த 359 நோயாளிகளின் சிறுநீர்க்குழாய்களைச் சிகிச்சை முடிவில் கண்ணால் சோதித்தார்கள். 46.5 சதவீதம் பேருக்குச் சுவரில் ஏதோ ஒரு காயம் இருந்தது. பெரும்பாலானவை மேலோட்டமானவை; 13.3 சதவீதம் பேருக்குத் தசை அடுக்கையும் எட்டிய காயம். சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை முன்கூட்டியே வைத்திருந்தவர்களுக்குக் கடுமையான காயத்தின் வாய்ப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது என்பது அந்த ஆய்வின் மிகப் பயனுள்ள செய்தி.

இரு முனையும் சுருண்ட டி.ஜே. ஸ்டென்ட்டை ஓரிரு வாரம் உள்ளே வைத்திருந்தால் சிறுநீர்க்குழாய் தானாகவே தளர்ந்து விரிகிறது. முதல் முறை முயன்று உறை ஏறாதபோது, வலிந்து தள்ளாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்து நோயாளியை அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லும் மருத்துவர் சரியான முடிவையே எடுக்கிறார். நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அது தோல்வியாகத் தெரியும், செலவும் கூடும். ஆனால் வலிந்து தள்ளிக் கிழிந்த குழாய் பின்னாளில் தழும்பேறிச் சுருங்கினால், சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம்.

அழுத்தத்துக்கு அஞ்சி நீரோட்டத்தை மிகவும் குறைத்தால் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது: சூடு. கல்லை உடைக்கப் பயன்படும் ஹோல்மியம் லேசரும், அதன்பின் வந்த தூலியம் இழை லேசரும் நீரால் மிக எளிதில் உட்கவரப்படும் அலைநீளங்களில் இயங்குகின்றன. ஆகவே லேசரின் ஆற்றலில் பெரும்பங்கு இறுதியில் நீரைச் சூடாக்குகிறது. 20 வாட் லேசர் ஒரு நிமிடத்தில் தரும் ஆற்றல் 1,200 ஜூல். நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டர் நீர் ஓடினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி உயரும்; 10 மில்லிலிட்டர் மட்டுமே ஓடினால் 28 டிகிரிக்கும் மேல் உயரும். குளிரூட்டிய அரங்கில் 22 டிகிரியில் இருக்கும் சலைன் முதல் நிலையில் உடல் சூட்டை ஒட்டியே நிற்கும். இரண்டாவது நிலையில் 50 டிகிரியைத் தொடும். லேசரை விட்டுவிட்டு இயக்குவதாலும், சுற்றியுள்ள திசுக்களின் ரத்த ஓட்டம் சூட்டைக் கொண்டுபோவதாலும் உண்மையில் இவ்வளவு ஏறாது. இருந்தாலும் கணக்கின் திசை இதுதான்.

திசு எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 43 டிகிரியில் 120 நிமிடம் என்பது சேதத்துக்கான எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகும். 47 டிகிரியில் ஏழரை நிமிடம். 50 டிகிரியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எனவே நீரைக் குறைத்தால் சூடு, கூட்டினால் அழுத்தம் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் மருத்துவர் வேலை செய்கிறார். வெளியேறும் வழி அகலமாக இருந்தால் மட்டுமே இரண்டையும் ஒருசேர அடக்க முடியும்.

முதுகுவழிச் சிகிச்சையிலும் இதே கணக்குத்தான், வேறு அளவுகளில். 1976இல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் தோல்வழித் துளை மூலம் சிறுநீரகக் கல்லை எடுத்ததை முதலில் எழுதினார்கள். பின்னர் நிலைபெற்ற வழக்கமான முறையில் துளை 24 முதல் 30 ஃபிரெஞ்ச், அதாவது 8 முதல் 10 மில்லிமீட்டர். அகலமான அந்த உறை வழியே நீர் தாராளமாகக் கொட்டும். அழுத்தம் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். ஆனால் சிறுநீரகத் திசுவைத் துளைத்துப் போகும் வழி அகலமானால் ரத்த இழப்பும் கூடும்.

ரத்த இழப்பைக் குறைக்க 1990களின் பிற்பகுதியில், முதலில் குழந்தைகளுக்காக, மினி பி.சி.என்.எல். வந்தது. பெரியவர்களுக்கு இதில் துளை பொதுவாக 14 முதல் 20 ஃபிரெஞ்ச். 16 ஃபிரெஞ்ச் உறையில் 12 ஃபிரெஞ்ச் கருவி என்றால் விகிதம் இங்கேயும் 0.75தான். இப்படி இடைவெளி சரியாக அமைந்த கருவிகளில் இன்னொரு நன்மையும் உண்டு. உறைக்குள் கருவியை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது அதன் முனைக்கு எதிரே நீர்ச்சுழல் உண்டாகி, கல்துண்டுகளைத் தன்னோடு வெளியே கொண்டுவருகிறது. வேக்குவம் கிளீனர் விளைவு என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிடிகருவி இல்லாமலேயே துண்டுகள் வெளியேறுவதால் நேரமும் மிச்சமாகிறது. உறையைக் கிடைமட்டமாகவோ சற்றுக் கீழ்நோக்கியோ பிடித்திருப்பதும் நீர் வடிய உதவும்.

துளையைச் சிறிதாக்கும் முயற்சியின் எல்லை மைக்ரோ பி.சி.என்.எல். இதில் 4.85 ஃபிரெஞ்ச், அதாவது 1.6 மில்லிமீட்டர் ஊசியே எண்டோஸ்கோப்பாகவும் வேலை செய்கிறது. குஜராத்தின் நடியாடைச் சேர்ந்த மகேஷ் தேசாயும் அவருடைய சகாக்களும் 2011இல் இதன் முதல் சிகிச்சை முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்த இழப்பு மிகக் குறைவு என்பது இதன் பெரிய பலம். ஆனால் ஊசியைச் சுற்றி உறை இல்லை. நீர் சிறுநீர்க்குழாய் வழியாகவோ அதில் வைத்த மெல்லிய வடிகுழாய் வழியாகவோதான் இறங்க வேண்டும். சிகிச்சையின்போது அளந்து பார்த்ததில், வழக்கமான முறையை விட இதில் உள் அழுத்தம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. ஆகவே இது சிறிய, தொற்றில்லாத கற்களுக்கு ஏற்ற கருவி. தொற்று நிறைந்த பெரிய கல்லுக்கு 'தழும்பே தெரியாது' என்ற காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுப்பது தவறான கணக்கு.

அழுத்தத்தை நேராக அளக்கும் வசதி மெல்ல மெல்லத்தான் வந்துகொண்டிருக்கிறது. பம்பின் திரையில் தெரியும் எண் பம்பின் அழுத்தமே ஒழியச் சிறுநீரகத்தின் அழுத்தம் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பரவலான பிழை. 2020களில் எண்டோஸ்கோப்பின் முனையிலேயே அழுத்த உணரி பொருத்திய கருவிகள் சந்தைக்கு வந்தன. உறைக்குழாயோடு உறிஞ்சும் இணைப்பைச் சேர்த்து, நீரையும் தூளையும் இழுத்தெடுக்கும் அமைப்புகளும் வேகமாகப் பரவிவருகின்றன. முனை வளையக்கூடிய உறிஞ்சு உறைகள் சிற்றறை வரை எட்டி நிற்பதால், கல் இருக்கும் இடத்திலேயே அழுத்தத்தைத் தணிக்கின்றன. உறிஞ்சும் விசை அளவு மீறினால் அறையின் சுவர்கள் ஒட்டிக்கொண்டு காட்சி மறையும் என்பதால் இவற்றைக் கையாளவும் பழக்கம் வேண்டும். விலையும் இன்னும் எல்லா மருத்துவமனைகளுக்கும் எட்டவில்லை. ஆனால் தாழ்வாகத் தொங்கும் பையும், சரியான விகிதத்தில் அமைந்த உறையும், அவசரமில்லாத கையும் எந்த மருத்துவமனைக்கும் எட்டக்கூடியவை.

நோயாளியின் பக்கமும் சில கடமைகள் உண்டு. அறுவைக்கு முன் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. கிருமி இருந்தால், எழுதித்தந்த ஆன்டிபயாட்டிக்கை முடித்த பிறகே கல்லில் கைவைக்க வேண்டும். அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்கியிருந்தால் முதலில் ஸ்டென்ட் வைத்தோ முதுகுவழிக் குழாய் வைத்தோ அதை வடியவிடுவதுதான் சிகிச்சை, கல் காத்திருக்கலாம். அறுவை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் தொற்றின் வாய்ப்பு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் பெரிய கல்லை இரண்டு தவணையாக எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், ஒரே முறையில் முடித்துவிடும்படி வற்புறுத்துவது நல்லதல்ல. உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா, அதை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை வீடு திரும்பும் முன் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மறந்துபோன ஸ்டென்ட்டின் மீதே புதிய கல் படியும்.

சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்குச் சிறுநீரில் லேசாக ரத்தம் வருவதும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருப்பதும் எதிர்பார்க்கக்கூடியவை. நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிரைப்பு, படபடப்பு, பேச்சில் குழப்பம், சிறுநீர் அளவு திடீரெனக் குறைதல் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. இவற்றில் ஒன்று தோன்றினாலும் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு விடியும் வரை காத்திருக்காமல், அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.